ஏவுதற் கருத்தா யார்? இணைப்புற்ற கருவிகளும் மூன்றாம் வேற்றுமையும்

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் மூன்று உண்டென்பதும், அவற்றுள் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என உரையாசிரியர்கள் இரண்டாகப் பகுப்பர் என்பதும் தமிழ் கற்றார் யாவரும் அறிந்தவை. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்புழி அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டப்பட்டது என்புழித் தச்சன் இயற்றுதற் கருத்தா. உளியால் செதுக்கப்பட்டது என்புழி உளி கருவி. உருபு ஒன்றேயாயினும் உளியைத் தச்சன் என்றோ, தச்சனை அரசன் என்றோ எவரும் மயங்கியதில்லை. ஆதலின் இப்பகுப்பு பெரும்பாலும் தேர்வு வினாவாகவே நின்றுவிட்டது. இன்று, 'மின்னளவியால் இணைப்புத் துண்டிக்கப்பட்டது' என்னும் தொடரை ஒரு மாணவரிடம் கொடுத்து, இங்கு 'ஆல்' எப்பொருளில் வந்தது என்று கேட்போமாயின் விடை எளிதன்று. வினையின் பொறுப்பு யாருடையது என்று வழக்குமன்றங்களில் எழும் வினாவும் இதனோடு நெருங்கிய உறவுடையது. ஆகவே, இணையத்தோடு பிணைக்கப்பட்ட கருவிகள் தொழிலிடத்தையும் இல்லத்தையும் நகரையும் போக்குவரத்தையும் மாற்றி வரும் முறையை இப்பகுப்பின் துணைகொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இக்கருவிகளின் அமைப்பு நான்கு உறுப்புகளை உடையது. வெப்பம், ஒளி, அதிர்வு, அசைவு முதலியவற்றை அளப்பது உணரி. அளந்ததை வேறிடத்திற்கு அனுப்புவது இணைப்பு. அனுப்பியதைப் பெற்று, முன்னரே வகுத்த விதிகளின்படியோ பழைய தரவுகளினின்று கற்ற முறையின்படியோ முடிவு செய்வது ஒரு கணினி. அது பெரும்பாலும் தொலைவில் உள்ள நிறுவனமொன்றின் வழங்கியாக இருக்கும். அம்முடிவைப் பெற்றுக் கதவைத் திறத்தல், மின்னோட்டத்தை நிறுத்தல் போன்றவற்றைச் செய்வது இயக்கி. உளியும் தச்சனும் அரசனும் ஓரிடத்தில் நின்று செய்த தொழில், இங்குக் கண்ணுக்குத் தெரியாத தொலைவுகளில் பிரிந்து கிடக்கின்றது.

இதன் தொடக்கம் மிக எளியது. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையினர், தம் கட்டடத்திலிருந்த குளிர்பான எந்திரத்தில் புட்டிகள் உள்ளனவா, அவை குளிர்ந்துள்ளனவா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிய அதனைக் கணினி வலையோடு இணைத்தனர். வீணே நடந்து போய் வெறுங்கையோடு திரும்பாமைக்கு எழுந்த சூழ்ச்சியே அது. 1999இல் கெவின் ஆஷ்டன் என்பார், கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் முறையைப் பற்றிப் பேசுகையில் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்னும் பெயரை இதற்கு இட்டார். தமிழில் அது 'பொருள்களின் இணையம்' ஆயிற்று. ('பொருட்களின்' என்றே பலரும் எழுதுகின்றனர், அவ்வடிவு பற்றிய பூசலை ஈண்டு எழுப்பின் இக்கட்டுரை முடிவுறாது.)

'ஸ்மார்ட்' என்னும் அடைக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களை நோக்குதல் வேண்டும். 'ஸ்மார்ட்' நகரம் 'சீர்மிகு நகரம்' எனவும், 'பொலிவுறு நகரம்' எனவும் அரசு ஆவணங்களில் வழங்கிற்று. கைப்பேசிக்கு வந்தபோது அதுவே 'திறன்' ஆயிற்று. சீரும் பொலிவும் நகரின் தோற்றத்தைக் கூறுவன. உணர்தலையோ முடிவு செய்தலையோ அவை கூறா. திறன் என்பது ஆற்றலைக் கூறும். அவ்வாற்றல் எங்கே உள்ளது என்பதைக் கூறாது. மூலச்சொல்லும் இவ்வகையில் குறைபாடுடையதே. அறிவு கருவிக்குள் உறைவதுபோன்ற எண்ணத்தை அஃது எழுப்புகின்றது.

இந்தியச் சுங்கச்சாவடிகளைக் காண்க. 2021 பிப்ரவரி முதல் நாட்டு நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டாக் ஒட்டுச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. ஊர்தியின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் அச்சீட்டில் மின்கலம் இல்லை. சாவடியிலுள்ள கருவி வீசும் வானொலி அலையின் ஆற்றலையே பெற்று, தன்னுள் பொறித்த அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்வதே அதன் தொழில். கட்டணம் எவ்வளவு, கணக்கில் பணம் உண்டா என்பனவெல்லாம் சீட்டிற்குப் புறத்தே முடிவு செய்யப்படுவன. எனவே சீட்டு கருவி மாத்திரையே. உளியினும் எளிய கருவி என்றாலும் பொருந்தும்.

தொழிற்சாலையில் இம்மயக்கம் குறைவு. ஒரு மோட்டாரின் தாங்கி தேயத் தொடங்கும்போது அதன் அதிர்வு மாறும். முன்னாளில் கைதேர்ந்த தொழிலாளர் இரும்புக் கோலொன்றை எந்திரத்தின்மீது ஊன்றி, மறுமுனையில் செவி வைத்து அதனை அறிந்தனர். இன்று அதிர்வுணரி இடையறாது அளந்து அனுப்ப, பழுது நேருமுன் தாங்கியை மாற்றுகின்றனர். 2011இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 'நான்காம் தொழிற்புரட்சி' என்னும் கருத்து முன்வைக்கப்பட்ட பின்னர் இம்முறை பெரிதும் பேசப்பட்டது. ஆலை உடையவரே உணரியையும் உடையவராதலின், ஏவுவார் யார் என்பதில் அங்குப் பெரும்பாலும் ஐயமில்லை. செவியால் அறிந்த தொழிலாளரின் நிலை யாதாயிற்று என்பது வேறு ஆராய்ச்சி.

இல்லத்திற்கு வந்தால் நிலை மாறுகின்றது. திண்ணையைப் பெண்டிர் மெழுகத் திண்ணையே மெழுகியதாகக் கூறும் வழக்கை, செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்லுதல் என்று இலக்கணம் அமைத்துக்கொண்டது. கேளாதவற்றைக் கேட்பனபோலவும், பேசாதவற்றைப் பேசுவனபோலவும், இயங்காதவற்றை இயங்குவனபோலவும், செய்யாதவற்றைச் செய்வனபோலவும் கூறுவதற்கும் நன்னூலார் இடந்தந்தார். இவற்றிலெல்லாம் 'போல' என்பதே உயிர்நாடி. இன்றைய இல்லத்தில் தரை துடைக்கும் பொறி தானே உலவுகின்றது. விளக்கை அணை என்றால் ஒலிபெருக்கி கேட்டு விடையும் கூறுகின்றது. இல்லத்தார் தம்மையே ஏவுதற் கருத்தா என எண்ணுவது இயல்பு. அது முற்றும் உண்மையன்று என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

ரிவால்வ் என்னும் கருவி, வீட்டு விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒருங்கே ஆளுவதற்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதனைச் செய்த நிறுவனத்தை 2014இல் கூகுளைச் சார்ந்த நெஸ்ட் வாங்கிற்று. 2016 மே மாதத்தில் அதற்குரிய வழங்கி நிறுத்தப்பட, வீடுகளிலிருந்த கருவிகள் பழுதேதுமின்றியே பயனற்றுப்போயின. விலை கொடுத்து வாங்கியவர் உடையவராயிருந்தார். ஏவும் ஆற்றல் அவரிடம் இருந்ததில்லை.

மற்றொன்று இதனினும் அச்சந்தருவது. 2016 அக்டோபர் 21ஆம் நாள், இணையப் பெயர்களுக்குரிய முகவரிகளைக் காட்டித்தரும் டின் என்னும் நிறுவனத்தின்மீது வேண்டுகோள்கள் வெள்ளமெனக் குவிய, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குக் கிட்டாமற் போயின. அவ்வெள்ளத்தை எழுப்பியவை இல்லங்களிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புப் படப்பொறிகள் போன்ற சிறு கருவிகள். தொழிற்சாலையில் இட்ட பொதுக் கடவுச்சொல்லை எவரும் மாற்றாமையால், மிராய் என்னும் தீநிரல் அவற்றுள் எளிதிற் புகுந்தது. ஏவியவர் எங்கோ இருந்தார்; இயற்றியவை வீட்டுச் சுவரில் தொங்கின; உடையவர் ஒன்றும் அறியார். உளி பிறன் கைக்குச் சென்றால் காணாமற் போயிற்றென்று அறிவோம். இக்கருவியோ நம் கண்முன் இருந்துகொண்டே பிறன் ஏவலைச் செய்யும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நுகர்வோர்க்குரிய இணைப்புற்ற கருவிகளில் எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல் இட்டு விற்பதைத் தடுத்தது.

நகரத்தைப் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். சிங்கப்பூரில் 1998 முதல் சாலைமேல் நிறுத்திய வளைவுகள், கடந்து செல்லும் ஊர்தியிலிருந்து நேரத்திற்கேற்ற கட்டணத்தைக் கொண்டன. கட்டணத்தை வகுத்தது அரசு என்பது வெளிப்படை. இந்தியாவில் 2015இல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிவுற்ற திட்டத்தில் 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்தன. முன்பணம் செலுத்தும் மின்னளவிகள் 25 கோடி நிறுவுவதை 2021ஆம் ஆண்டின் மின்பகிர்மானத் திட்டம் குறிக்கோளாகக் கொண்டது. அத்தகைய அளவியில் பணம் தீர்ந்ததும் ஊழியர் எவரும் வாராமலே மின்னோட்டத்தை நிறுத்த இயலும். முன்னர்க் கூறிய தொடர் இங்குப் பிறப்பதே. துண்டிக்க வந்த ஊழியரிடம் ஒரு நாள் தவணை கேட்க இயன்றது. அளவியிடம் கேட்க இயலாது. 'அளவியால்' என்று எழுதும் அறிவிப்பு, விதியை வகுத்தவரைத் தொடரினின்றே நீக்கிவிடுகின்றது.

போக்குவரத்தில் நேர்ந்த ஒன்றைச் சற்று விரித்துரைப்போம். 2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், தானே ஓடும் ஊபர் சோதனைக் காரொன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வு, மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்னரே உணரி அவரைக் கண்டது என்று காட்டிற்று. காண்டலில் குறையில்லை, பெயரிடுதலிலேயே குறை. ஊர்தி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் நிரல் மாறிமாறிக் கொண்டது. பெயர் மாறுந்தோறும் அதுவரை கண்ட இயக்கத்தை விட்டுவிட்டமையால், அவர் எத்திசை செல்வார் என்று கணிக்க அதனால் இயலவில்லை. கடக்குமிடம் எனக் குறிக்கப்படாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்பது அதன் அமைப்பிலேயே எண்ணப்படவில்லை. உயர்திணையை அஃறிணை என மயங்குவது நம் ஏடுகளில் வழுவாம். அச்சாலையில் அஃது உயிரைக் கொண்டது.

காரினுள் மேற்பார்வைக்கென ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கைப்பேசியை நோக்கியிருந்தார் என்று வாரியம் கண்டது. நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகள் போதாமையையும் அது சுட்டிற்று. நிறுவனத்தின்மீது குற்ற வழக்கிற்கு அடிப்படை இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். மேற்பார்வையாளர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் கடமை தவறியது உண்மை. ஆயின் காரை ஓட்டிய நிரலை எழுதியவர் அவரல்லர். காருக்கு இயல்பாக இருந்த அவசரத் தடையமைப்பைச் சோதனையின்போது நிறுத்தி வைக்குமாறு வகுத்தவரும் அவரல்லர். வேற்றுமைப் பொருளில் வைத்து நோக்கின், அவர் காரால் சென்றார் என்பதினும் காரோடு சென்றார் என்பதே பெரிதும் பொருந்தும். உடனிகழ்ச்சிக்குரியவர்மீது கருத்தாவின் பொறுப்பு முழுவதும் ஏறிற்று என்பது நம் கருத்து.

கற்கும் நிரலையே இயற்றுதற் கருத்தாவாகக் கொண்டாலென்ன என்று வினவுவாரும் உளர். தச்சனுக்கு ஏவலை மறுக்கும் உரிமையும், பிழைக்கு விடைகூறும் கடப்பாடும் உண்டு; நிரலுக்கு இரண்டும் இல்லை. ஆதலின் அதனை வினை செய்யும் கருவி என்பதோடு நிறுத்துதலே தக்கது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பொருட்பொறுப்பு நெறியும் இவ்வழியே செல்கின்றது. நிரலின் குறையால் கேடு விளைந்தால் நிரலை விடுத்து, அதனை ஆக்கியவரை அது பொறுப்பாக்குகின்றது. இதன்பொருட்டு அந்நெறி நிரலையும் ஒரு விற்பனைப் பொருளாகக் கொள்ள வேண்டும் எனத் தனியே விதித்தது. தமிழில் அதற்கு அத்துணை முயற்சி வேண்டியதில்லை. மென்பொருள் என்று நாம் முன்னரே பெயரிட்டுவிட்டோம்.