குண்டுக்குக் குறி பார்த்த கருவி ஓவியம் வரைந்தது!

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். குண்டு வீச்சு விமானங்களில் ஒரு கருவி இருந்தது. விமானம் எவ்வளவு வேகத்தில் போகிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று அது கணக்குப் போடும். எந்த நேரத்தில் குண்டைப் போட்டால் குறி தப்பாது என்று காட்டும்.

அந்தக் கணக்கினால் ஊர்கள் எரிந்தன. உயிர்கள் போயின.

போர் முடிந்தது. கருவிகள் கிடங்குகளில் தூங்கின. 1952-ம் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு கருவியை ஒருவர் விலைக்கு வாங்கினார்.

அவர் பெயர் டெஸ்மண்ட் பால் ஹென்றி. இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆசிரியர். போரின்போது ராணுவத்தில் வேலை பார்த்தவர்.

பேனா பிடித்த எந்திரம்

அந்தக் கருவியும் ஒருவகைக் கம்ப்யூட்டர்தான். ஆனால் இன்று நாம் பார்க்கும் கம்ப்யூட்டர் போன்றது அல்ல. உள்ளே பல்சக்கரங்களும் தண்டுகளும் இருக்கும். அவை சுழன்றுதான் கணக்குப் போடும்.

அந்தச் சக்கரங்கள் ஓடுவதைப் பார்ப்பதில் ஹென்றிக்குத் தனி ஆசை. அந்த ஓட்டத்தைக் காகிதத்தில் பிடிக்க விரும்பினார். கருவியின் பாகங்களைக் கொண்டு ஒரு புது எந்திரம் செய்தார். அதில் பேனாவைப் பொருத்தினார்.

எந்திரம் ஓடியது. பேனாவும் ஓடியது. வளைவின் மேல் வளைவாகக் கோடுகள் விழுந்தன. சிலந்தி வலை போல, கிளிஞ்சல் போல அழகான படங்கள் வந்தன. ஒரு முறை வந்த படம் மறுமுறை வராது!

கொல்லப் பிறந்த கருவி, கலை செய்தது.

தப்பி வந்த சிறுமி

ஹென்றியின் எந்திரம் 1968-ல் லண்டனுக்குப் போனது. அங்கே ஒரு வினோதக் கண்காட்சி நடந்தது. அதை அமைத்தவர் ஒரு பெண். பெயர் யாசியா ரெய்க்கார்ட்.

யாசியா 1933-ல் போலந்து நாட்டில், வார்சா நகரில் பிறந்த யூதப் பெண். ஹென்றி ராணுவத்தில் இருந்த அதே போர், இவருடைய வீட்டை அழித்தது. நாஜிகள் யூதர்களை ஒரு சேரியில் அடைத்தார்கள். அங்கிருந்து சிறுமி யாசியா ரகசியமாக வெளியே கொண்டுவரப்பட்டார். பெயரை மாற்றிக்கொண்டு, பல வீடுகளிலும் கன்னிமாடத்திலும் ஒளிந்து வாழ்ந்தார். பெற்றோர் இருவரும் கொல்லப்பட்டனர்.

1946-ல் லண்டனில் இருந்த சித்தியும் சித்தப்பாவும் அவரை அழைத்து வளர்த்தனர். சித்தி ஓவியர். சித்தப்பா எழுத்தாளர். கலை நிறைந்த வீடு அது.

வளர்ந்ததும், லண்டனில் ஒரு கலைக் கழகத்தில் யாசியா வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டரைக் கவனித்துப் பார்க்கும்படி 1965-ல் மாக்ஸ் பென்சே என்ற ஜெர்மன் பேராசிரியர் அவரிடம் சொன்னார். மூன்று ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1968 ஆகஸ்டு 2-ந் தேதி கண்காட்சி தொடங்கியது.

அதன் பெயர் 'சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி'. எதிர்பாராமல் நல்ல பொருள் கிடைப்பதை ஆங்கிலத்தில் 'செரண்டிபிட்டி' என்பார்கள். அது 'செரண்டிப்' என்ற சொல்லில் இருந்து பிறந்தது. செரண்டிப் எது தெரியுமா? இலங்கையின் பழைய பெயர்தான்!

கூப்பிட்டால் திரும்பும் பூ

கண்காட்சியில் 130 பேர் பங்கு கொண்டனர். ஓவியர், கவிஞர், இசை அமைப்பாளர் எல்லாம் சேர்ந்து 43 பேர்தான். மற்ற 87 பேரும் என்ஜினீயர்கள், டாக்டர்கள், கம்ப்யூட்டர் நிபுணர்கள், தத்துவ ஆசிரியர்கள். எதைக் கலைஞர் செய்தார், எதை என்ஜினீயர் செய்தார் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

ஓர் இடத்தில், வந்தவர்கள் சீட்டி அடித்துக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, அந்த மெட்டை விதவிதமாக மாற்றி வாசித்தது.

இன்னோர் இடத்தில் ஒரு எந்திரப் பூ நின்றது. அதற்குப் பெயர் 'சாம்'. தண்டு முதுகெலும்பு போல் இருக்கும். பூவுக்குள் நான்கு மைக்குகள். எந்தப் பக்கம் மெல்லிய குரல் கேட்கிறதோ, அந்தப் பக்கம் பூ திரும்பும்! அதனுடன் பேசிப் பேசியே பலர் நெடுநேரம் நின்றார்கள்.

சாமைச் செய்தவர் எட்வர்ட் இக்னாட்டோவிச். அவரும் போலந்தில் பிறந்து, போரினால் நாட்டை விட்டு வந்தவர்தான்!

இது கலையா?

எந்திரம் செய்வது கலையாகுமா என்ற கேள்வி எழுந்தது. சாதித்து முடித்ததைக் காட்டுவது தன் நோக்கம் அல்ல, இனி என்னென்ன முடியும் என்று காட்டுவதே நோக்கம் என்று யாசியா எழுதினார்.

அக்டோபர் 20-ந் தேதி வரை பல்லாயிரம் பேர் வந்தார்கள். பிறகு அந்தக் கண்காட்சி அமெரிக்காவுக்கும் போனது.

இக்னாட்டோவிச் அடுத்து 'சென்ஸ்டர்' என்ற பெரிய எந்திர விலங்கைச் செய்தார். அதை ஒரு கம்ப்யூட்டர் இயக்கியது. 1970-ல் நெதர்லாந்தில் வைத்தார்கள். மெல்லப் பேசினால் அருகில் வரும். கத்தினால் பின்வாங்கும்! 1974-ல் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதன் எலும்புக்கூடு பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. கடைசியில் போலந்தின் கிராக்கோ நகரப் பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பழுது பார்த்தது. 2018-ல் சென்ஸ்டர் மறுபடியும் தலையை அசைத்தது. செய்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 1988-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் பிறந்த நாடு பார்த்தது.

இன்று கைபேசியில் சொன்னாலே கம்ப்யூட்டர் படம் வரைந்து தருகிறது. அது நல்லதா, கெட்டதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிறது. ஹென்றியின் கருவி அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு நாள் அது குண்டுக்குக் குறி பார்த்தது. இன்னொரு நாள் பேனா பிடித்தது. சக்கரங்கள் மாறவில்லை. அவற்றைச் சுற்ற வைத்த மனிதரின் மனசுதான் மாறியது.