ஆடிக் காற்றும் தகரக் கூரையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறந்ததை எவரும் கண்டதில்லை. ஆனால் தகரக் கூரை பறந்ததை வால்பாறைப் பக்கத்து மக்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கனமான கூரை காற்றில் எழும்புவது எப்படி? பறந்துபோன கூரையை மீண்டும் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதற்கும் விடை கிடைக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஆனைமலைத் தொடரின் மேலுள்ள வால்பாறையை அடையலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே ஓங்கி வீசும். அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பலர் வசிப்பவை 'லைன் வீடுகள்'. ஒரே நீண்ட கட்டடம். இடையில் பொதுச் சுவர்கள். பல குடும்பங்களுக்கும் மேலே ஒரே கூரை.

காற்று தள்ளுகிறதா, இழுக்கிறதா?

காற்று கூரையைப் பக்கவாட்டில் தள்ளிக் கீழே வீழ்த்துகிறது என்று நினைப்போம். உண்மை வேறு. சுவரில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பிக் கூரை விளிம்பைத் தாண்டி விரைகிறது. விளிம்பிலும் முகட்டுக்கு அப்பாலும் அது கூரையை ஒட்டிச் செல்லாமல் விலகிப் போகிறது. அவ்விடங்களில் கூரைக்கு மேலுள்ள அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமோ அப்படியே இருக்கிறது. ஆகவே கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. காற்று அடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால், உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். புயலின்போது சன்னல்களைத் திறந்து வைப்பது நல்லது என்று சிலர் சொல்வது இதனால்தான் தவறு.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் நடுவில் மடித்த அட்டையைக் கூரையாக வையுங்கள். சற்றுத் தொலைவில் மேசை விசிறியைச் சுழல விடுங்கள். பிறகு விசிறியை நோக்கிய பக்கத்தில் கதவுபோல் ஒரு துளை வெட்டி மீண்டும் பாருங்கள். வேறுபாடு தெரியும்.

ஒரு சிறு கணக்கு

காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் காற்று செலுத்தும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். வேகம் 10 மீட்டர் என்றால் 60 நியூட்டன். 20 மீட்டர் என்றால் 240. 40 மீட்டர் என்றால் 960. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது!

விநாடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். அப்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை உண்டாகலாம். நெளித்தகடோ ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம்தான் இருக்கும். கூரையின் வடிவத்தைப் பொறுத்து இந்த விசை மாறும். விளிம்புகளிலும் மூலைகளிலும் மிகுதியாக இருக்கும். அம்மிக்கு எடை மிகுதி, காற்றுப்படும் பரப்புக் குறைவு. தகட்டுக்கோ இரண்டும் நேர்மாறு. அதைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடை அன்று, பிணைப்புகளே.

சங்கிலியின் கண்ணிகள்

தகட்டை ஆணி பிடிக்கிறது. ஆணியைக் குறுக்குச் சட்டம் பிடிக்கிறது. சட்டத்தைக் கைமரமும், கைமரத்தைச் சுவரும் பிடிக்கின்றன. இது ஒரு சங்கிலி. இதில் மிக நலிந்த கண்ணி எதுவோ அதுவே முதலில் அறும்.

ஆணி மரத்தைப் பிடிப்பது உராய்வினால். மாதக் கணக்கில் மழை பெய்யும் ஊரில் ஆணித் துளை வழியே நீர் இறங்கும். ஆணி துருப்பிடிக்கும், ஈரமரத்தில் பூஞ்சை வளர்ந்து நார்கள் மக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கூரை நன்றாகத்தான் இருக்கும். ஒரு பெருங்காற்றில் ஆணி வெண்ணெயிலிருந்து வருவதுபோல் உருவிக்கொண்டு வரும். பறந்த தகட்டைத் தேடிவந்து, அதே மக்கிய சட்டத்தில் அதே துளையில் மீண்டும் அறைவது பழுது பார்த்தல் ஆகாது. அடுத்த ஆடியில் அது மீண்டும் பறக்கும். மக்கிய மரத்தை மாற்ற வேண்டும். ஆணிக்குப் பதில் சட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் கொக்கி போல்ட்டை, நீர் புகாத வாஷருடன், நெளியின் மேட்டில் பொருத்த வேண்டும். பள்ளத்தில் துளையிட்டால் அதன்வழி மழைநீர் ஒழுகும். விளிம்புகளில் பிணைப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

எது முதலில்?

புயல் ஓய்ந்ததும் உடனே கூரைமேல் ஏறக் கூடாது. அறுந்த மின்கம்பி உண்டா, சாயும் மரம் உண்டா, வீட்டின் பின்னுள்ள மண்சரிவில் புதிய வெடிப்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். 2024 ஜூலை இறுதியில் சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின்மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் உயிரிழந்தனர். மண் நகரும் அறிகுறி தெரிந்தால் கூரையை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறுவதே முதல் வேலை. ஆபத்து இல்லையென்றால் தார்ப்பாய் போட்டு நனைவதைத் தடுக்கலாம். அடுத்து வீட்டுக்கு வீடு சேதத்தைப் படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நிலையான பழுதுபார்ப்பு அதற்குப் பிறகே.

ஒரு கூரை, பல குடும்பங்கள்

லைனின் கடைசி வீட்டில்தான் பெரும்பாலும் முதல் தகடு பெயரும். மூலையில் இழுவிசை மிகுதி அல்லவா? "எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நடுவீட்டார் சொல்லக்கூடும். ஆனால் ஒரு தகடு பெயர்ந்தால் அந்த வாய்வழியே காற்று புகுந்து அடுத்த தகட்டையும் தூக்கும். எனவே சோதனை முழுக் கூரைக்கும் நடக்க வேண்டும்.

1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தருவதையும் அதைப் பராமரிப்பதையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. கோவையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடியும் அடித்தளமும் எல்லாருக்கும் பொது. அவற்றின் பழுதை உரிமையாளர்கள் சேர்ந்தே கவனிக்க வேண்டும். மலையிலானாலும் நகரிலானாலும் காற்றுக்குக் கதவிலக்கம் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் நலிந்த கண்ணி ஒன்றே. ஆடி பிறக்கும் முன், சித்திரை வெயிலிலேயே அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது நம் பொறுப்பு.