எண்ணெயில் விழும் குண்டு



தண்ணீரைச் சாய்த்தால் சட்டென ஓடிவிடுகிறது. விளக்கெண்ணெயோ தயங்கித் தயங்கி வடிகிறது. திரவம் ஓடுவதற்குக் காட்டும் இத்தயக்கத்தை அறிவியலார் பாகுநிலை என்பர். திரவத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது நகரும்போது எழும் உராய்வே இதற்குக் காரணம். கனமான திரவமெல்லாம் பாகுநிலை மிக்கது என்று எண்ணிவிடலாகாது. விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. ஆயினும் 20 பாகை செல்சியசில் அதன் பாகுநிலை தண்ணீரினுடையதைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்காகும்!

இதனை அளக்க நீண்ட கண்ணாடிச் சாடியும், சிறு எஃகுக் குண்டும், கடிகாரமும் போதும். குண்டின் எடை அதனைக் கீழே இழுக்கிறது. திரவத்தின் மிதப்பு விசையும் பாகு எதிர்ப்பும் மேல்நோக்கித் தடுக்கின்றன. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். விரைவில் இரண்டும் சமனாகிவிட, அதன்பின் குண்டு மாறாத வேகத்தில் இறங்கும். அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கிய ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், இவ்வெதிர்ப்பின் அளவை 1851இல் கணித்து வெளியிட்டார். அவர் விதிப்படி, அதே குண்டு பாதி வேகத்தில் விழுமாயின் பாகுநிலை இரு மடங்கு என அறியலாம். (திரவங்களின் அடர்த்தி பெரிதும் வேறுபடாதிருத்தல் வேண்டும்.) குண்டின் ஆரத்தை இரட்டித்தாலோ வேகம் நான்கு மடங்காகும். ஆகவே குண்டை மாற்றிவிட்டு நேரங்களை ஒப்பிடுவது வீண். தண்ணீரில் குண்டு மிக விரைந்து விழுவதால் இவ்விதி அங்குப் பொருந்தாது.

நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டைக் கொண்டு இதைச் செய்து பார்த்தனர். சாடியில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரப்பர் வளையங்களை மாட்டினோம். மேல் வளையம் எண்ணெய் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருந்தது. குண்டு நிலைத்த வேகம் பெற்றபின் நேரம் எண்ணவேண்டுமன்றோ? குண்டை முதலில் எண்ணெயில் நனைத்துக்கொண்டோம். காற்றுக்குமிழி ஒட்டினால் அது குண்டைத் தாங்கிப் பிடிக்கும். சாடியின் நடுவிலேயே விட்டோம். சுவரோரம் விழும் குண்டு மெதுவாகும்.

காலைக் குழுவினர் 9 விநாடி என்றனர். நண்பகலில் கடிகாரம் பிடித்த மாணவன் 6 என்றான். கவனக்குறைவு என்று நாம் அவனைக் கடிந்துகொண்டோம். அவனோ, "ஐயா, மூன்று முறையும் ஆறுதான் வந்தது" என்றான். வெப்பமானியை எண்ணெயில் இட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. காலையில் சுமார் 25 பாகை, அப்பொழுதோ 31! விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 பாகையிலிருந்து 30 பாகைக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சாடியைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் நிறுத்தி, எண்ணெய் 25 பாகைக்கு வந்தபின் அளந்தோம். மீண்டும் 9 விநாடியே வந்தது. பிழை நம்முடையதே என்று வகுப்பின் முன்னிலையில் அவனிடம் கூறினோம். வெப்பநிலையைக் குறிக்காத பாகுநிலைக் கணக்கை அன்றுமுதல் நாம் ஏற்பதில்லை.

பால்மரம் சீவும் தந்தை ஒருவர், "ரப்பர் பாலையும் இப்படி அளக்கலாமா?" என்று வினவினார். நல்ல வினா! பாலுக்குள் விழுந்த குண்டு கண்ணுக்குத் தெரியாது. மேலும் பாலைக் கலக்கும் வேகம் கூடினால் அதன் பாகுநிலை குறையும். ஆதலால் ஆலைகளில் ஒரு தண்டைப் பாலில் அமிழ்த்திச் சுழலவிட்டு, அச்சுழற்சியைப் பால் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கின்றனர்.