மாலை ஆறரை மணிக்கு ஒரு நாற்காலி

போதை மீட்பு மையத்தில் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். பகல் எப்படியோ ஓடிவிடும் என்பார். மாலை ஆறரை மணிதான் சிக்கல். பல வருஷமாகக் கால்கள் போய்ப் பழகிய பாதை ஒன்று இருக்கிறது. அங்கே சேக்காளிகள் காத்திருக்கிறார்கள்.

இதை மன உறுதி இல்லாத குறை என்று ஊர் பேசும். மூளையின் கதை வேறு. மது உள்ளே போகும்போது டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் சுரக்கிறது. நாளடைவில் மதுவோடு சேர்ந்து வரும் எல்லாவற்றையும் மூளை பதிந்துகொள்கிறது: அந்தத் தெருமுனை, வறுத்த கடலையின் வாசனை, சம்பள நாள், கூடக் குடித்தவரின் குரல். பாட்டிலைப் பார்க்கும் முன்பே ஆசை கிளம்பிவிடும். ‘வேண்டாம்’ என்று தடுக்க வேண்டிய மூளையின் முன்பகுதியோ பல வருஷக் குடியில் தளர்ந்திருக்கும். உடம்பிலிருந்து மதுவை இறக்க மருத்துவம் உதவும். ஆசையைக் குறைக்க மாத்திரைகளும் உண்டு. மாலை நேரத்தை எங்கே, யாரோடு கழிப்பது என்பதற்கு மருந்துச் சீட்டில் பதில் இருக்காது.

அந்தப் பதிலை வைத்திருப்பவை மீண்டவர்களின் குழுக்கள். அவற்றில் பெரிதும் அறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935 மே மாதம் பங்குத் தரகர் பில் வில்சன் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஓட்டலிலேயே பார் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தேவாலயப் பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்து, தன்னோடு பேச ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் மட்டும் என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். குடியின் கேடு மருத்துவருக்குத் தெரியாததா? தன்னைப் போலவே விழுந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னது அவருக்குப் புதிது. ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் அந்த ஆண்டு ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

இந்த முறை பலிக்கிறதா? 2020-இல் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.வுக்கு வழிகாட்டும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள்; மற்ற உளவியல் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். காரணத்தைத் தேடிய ஆய்வுகள் முக்கியமாகச் சுட்டுவது கூட்டாளிகள் மாறுவதை. குடிக்கிற நட்பு குறைகிறது, குடியை விட்டவர்களின் நட்பு கூடுகிறது.

கூட்டம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் பள்ளி வகுப்பறை, தேவாலயக் கூடம் போன்ற ஓர் இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து முதல் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். மனைவியின் தாலியை அடகு வைத்ததை அவர் சொல்லும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கிருப்பவர்களில் பலர் அதைச் செய்தவர்கள். குறுக்கே பேச்சு இல்லை, புத்திமதி இல்லை. கட்டணமும் இல்லை, முடிந்த உறுப்பினர்கள் பையில் போடும் காசில் செலவு நடக்கும். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். புதிதாக வந்தவருக்கு மூத்தவர் ஒருவர் ‘ஸ்பான்சர்’ ஆவார். கை பரபரக்கும் வேளையில் அழைக்க ஓர் எண் கிடைக்கும். ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பது அவர்கள் கணக்கு.

குழுவைத் தேடுவது எளிது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மைய ஆலோசகரிடமோ கேளுங்கள். கட்டணமில்லா 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். ‘ஓப்பன் மீட்டிங்’ என்றால் குடும்பத்தினரும் உட்காரலாம். ‘குளோஸ்டு’ குடிநோயாளிகளுக்கு மட்டும். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டில் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கை நடுங்கும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதன்பின் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், பிறகு குழு. குழுவுக்குப் போவதால் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரில் பலருக்கு வெட்கமே பூட்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் திட்டுவதை இன்று ஒரு நாள் தள்ளி வையுங்கள். கூட்டம் நடக்கும் இடத்தை விசாரியுங்கள். மாலை ஆறரை மணிக்கு அவரோடு வாசல்வரை நடந்து போங்கள். உள்ளே அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.