புரண்டு படுக்கும் மெத்தை

பெரியம்மாவின் கட்டிலடியில் டிபன் டப்பா அளவில் ஒரு மோட்டார் தொங்குகிறது. வீடு அடங்கிய பிறகு அதன் ‘உர்ர்’ சத்தம் மட்டும் கேட்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் ஏறி, கட்டிலில் விரித்த பிளாஸ்டிக் மெத்தைக்குள் போகின்றன. மெத்தை முழுக்கக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் காற்றுக் குமிழ்கள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால், கைக்குக் கீழே விறைப்பாக இருந்த குமிழ் மெல்லத் தளரும். பக்கத்துக் குமிழ் எழுந்து கையைத் தாங்கிக்கொள்ளும். சில நிமிடம் போனதும் முறை மாறும். ஊரில் எல்லோரும் இதை ஏர் பெட் என்றுதான் சொல்கிறார்கள்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்ட பெரியம்மாவுக்கு இந்த மெத்தை செய்துகொடுப்பது ஒரே வேலைதான். அவருக்குப் பதிலாக அது புரண்டு படுக்கிறது.

புரண்டு படுப்பதை ஒரு வேலையாக நாம் யாரும் நினைத்ததில்லை. 1961இல் எக்ஸ்டன்-ஸ்மித், ஷெர்வின் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அதை எண்ணிப் பார்த்தார்கள். முதிய நோயாளிகள் 50 பேரின் கட்டில்களில் கருவி பொருத்தி, இரவில் ஒவ்வொருவரும் எத்தனை முறை அசைகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 50 முறைக்கு மேல் அசைந்தவர்களுக்குப் படுக்கைப்புண் வரவில்லை. 20 முறையோ அதற்கும் குறைவாகவோ அசைந்த 10 பேரில் 9 பேருக்கு வந்தது. விடிந்ததும் நமக்கு நினைவில்கூட இராத அந்த அசைவுகள்தான் இரவெல்லாம் நம் தோலைக் காப்பாற்றுகின்றன.

அசையச் சொல்வது யார்? வேலூருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1940களின் பிற்பகுதியில் அங்கே வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்களைப் பார்த்தார். அவர்களுடைய சதையே கெட்டுப்போனது, அதனால் ஆறாது என்பது அன்றைய நம்பிக்கை. மாவுக்கட்டு போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தபோது புண் எல்லோருக்கும்போலவே ஆறியது. சதையில் கோளாறு இல்லை; வலி தெரியாமல் போனதுதான் கோளாறு. வலி வருவதற்கு முன்பே வரும் ஒரு சின்ன உறுத்தல், ‘காலை மாற்றி வை’ என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்தக் குரல் மேலே போய்ச் சேர்வதில்லை. பெரியம்மாவுக்கோ அந்தப் பக்கம் உணர்ச்சியும் மந்தம், கேட்டாலும் உடம்பு ஒத்துழைக்காது.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தந்துகிகள் முடியைவிட மெல்லியவை. 1930இல் யூஜின் லாண்டிஸ் நகக்கண்ணருகே இருக்கும் தந்துகிக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, அங்கே ரத்தத்தின் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் நுழையும் முனையில் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். கையில் பட்டை கட்டி அளக்கும்போது வரும் 120, 80 என்ற எண்களோடு இதை ஒப்பிட்டால் அது எவ்வளவு சொற்பம் என்று புரியும். குதிகால் போன்ற சின்ன எலும்பு முனையில் காலின் பாரம் இறங்கினால், அழுத்தம் அந்த எண்ணை எளிதாகத் தாண்டிவிடும். தந்துகி நசுங்கும், பிராணவாயு போகாது, கழிவு வெளியேறாது. ஆனால் 32 என்பது லட்சுமணக் கோடு அல்ல. 1959இல் மைக்கேல் கோசியாக் நாய்களை வைத்துச் செய்த சோதனை, அழுத்தத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வைத்தது. அதிக அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் கேட்டைக் குறைந்த அழுத்தம் நெடுநேரத்தில் செய்துவிடும்.

இதில் எனக்குப் பயம் தந்த விஷயம் வேறு. அழுத்தம் மிக அதிகமாக விழுவது தோலில் அல்ல, எலும்பை ஒட்டிய சதையில். அதனால் புண் பல நேரம் ஆழத்தில் தொடங்கி மேலே வருகிறது. வண்டு வைத்த மாம்பழம்போல வெளியே ஒரு சின்னப் புள்ளி, உள்ளே பெரிய பள்ளம். முதல் அறிகுறி சிவப்பு என்று புத்தகங்கள் சொல்லும். விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பும் சிவப்பு ஆறிவிடும், வெளுக்காத சிவப்பு ஆபத்து. ஆனால் நம் நிறத்துத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா, கல்லுப்போல இருக்கிறதா, சதசதவென்று இருக்கிறதா என்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் பெரிய நரம்பியல் மேதை ஷார்கோ, இடுப்பில் வரும் இந்தப் புண்ணை மரணத்தின் முன்னறிவிப்பாகவே பார்த்தார். நரம்பு கெட்டதால் வருவது, தடுக்க முடியாது என்பது அவர் கட்சி. பிரவுன்-சேக்கார் அதற்கு முன்பே கினிப்பன்றிகளிடம் வேறொன்றைக் கண்டிருந்தார். தண்டுவடம் அறுபட்டிருந்தாலும் அழுத்தம் படாமல், ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் புண் வரவில்லை. இந்த வழக்குக்கு நடைமுறையில் தீர்ப்பெழுதியவர் லுட்விக் குட்மன். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகு முறிந்த வீரர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். செத்துப்போவார்கள் என்று கைவிடப்பட்ட அந்த வார்டிலிருந்துதான் சக்கர நாற்காலி விளையாட்டுகளும், பின்னால் பாராலிம்பிக்ஸும் வந்தன.

மெத்தையின் கதை இதற்கெல்லாம் மூத்தது. 1832இல் நீல் ஆர்னாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் ரப்பர் பூசிய துணியைத் தொளதொளவென்று போர்த்தி, நோயாளியை அதில் படுக்க வைத்தார். தண்ணீர் உடம்பின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு தாங்கும். எடை அதேதான், தாங்கும் பரப்பு பெருகிவிட்டது. ஓரிடத்தில் குத்தும் பாரம் உடம்பெங்கும் பரவிவிட்டது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பரப்பும் வித்தையின் உச்சம் 1960களில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தது. பெரிய தொட்டி நிறையக் கோலப்பொடி போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள். அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை ஊதினால் மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகித் தண்ணீர்போலத் தளும்பும். மேலே ஒரு துணி, அதன்மேல் தீக்காயம் பட்ட நோயாளி மிதப்பார். காற்றை நிறுத்தினால் நொடியில் மணல்மேடாக இறுகிவிடும். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க வேண்டிய அவசரத்தில் அந்த இறுக்கம் வேண்டும். தொட்டியின் எடை மட்டும் அரை டன்னுக்கு மேல், வீட்டுக்கு ஆகாது. உடல் சூட்டில் இளகும் மெமரி ஃபோம், 1966இல் நாசாவுக்காக இருக்கை மெத்தையாகப் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது.

ஏர் பெட் வேறு ஜாதி. பரப்புவதைவிட, இடம் மாற்றி மாற்றி விடுவிப்பதுதான் அதன் நம்பிக்கை. எது சிறந்தது? பிரிட்டனில் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மாறி மாறி ஊதும் மெத்தைக்கும் உயர்தர ஃபோம் மெத்தைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ஃபோம் மெத்தையை வாங்கிப்போட்டுவிட்டு ஏர் பெட் வாங்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியில் வாடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் தவறு மெத்தையில் இல்லை, எங்களிடம் இருந்தது. கடைக்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கெட்டியாக இருந்தால் நல்லது என்று திருகியை முழுக்கத் திருப்பி வைத்தோம். மேலே ரெக்ஸின், அதன்மேல் இரண்டு போர்வை. யாரோ சொன்னார்களென்று இடுப்புக்கடியில் ரப்பர் வளையமும் வைத்தோம். வீட்டுக்கு வந்த நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “வளையத்த மொதல்ல எடுங்கண்ணா” என்றார். “நடுவுல காத்தாடும்னு வைக்கிறீங்க. அது சுத்தி அமுக்கி, நடுவுல வர்ற ரத்தத்தையும் நிறுத்திரும்.” பிறகு தன் கையை மல்லாத்தி மெத்தைக்கடியில், பெரியம்மாவின் இடுப்புக்கு நேரே விட்டார். “எலும்பு கைல இடிச்சா காத்து பத்தலன்னு அர்த்தம். ஒரு இஞ்ச் எடவெளி இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா திருகியக் கொறைங்க.” தலைப்பக்கத்தை உயரமாகத் தூக்கி வைத்திருந்ததையும் இறக்கினார். சாய்ந்திருப்பவர் மெல்லக் கீழே சரிவார், தோல் போர்வையோடு ஒட்டிக்கொள்ளும், எலும்பு மட்டும் உள்ளே நகரும், நடுவில் மாட்டிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாதென்றும் சொன்னார். நாங்கள் தினமும் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“மெத்தை இருக்கேன்னு திருப்பாம விட்றாதீங்கண்ணா” என்று வாசலில் செருப்பு போடும்போது சொன்னார்.

இப்போது இரவு இரண்டு மணிக்குக் கைபேசி அலாரம் அடிக்கும். அண்ணி தோளைப் பிடிப்பார், நான் இடுப்பைப் பிடிப்பேன். இழுக்காமல் தூக்கி, இடப்பக்கம் லேசாக, முப்பது டிகிரிக்கு மேல் போகாமல் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுப்போம். கெண்டைக்காலுக்கடியில் இன்னொன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. நேற்று அப்படித் திருப்பியபோது விரிப்பின் மடிப்பில் ஒரு ஹேர்பின் கிடந்தது. தோள்பட்டைக்குக் கீழே அதன் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. புறங்கையை அங்கே வைத்துப் பார்த்தேன், சூடில்லை. விரலால் அழுத்தினேன், சதை இளக்கமாகத்தான் இருந்தது. அலாரத்தை நான்கு மணிக்கு மாற்றி வைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.