ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கவா பார்க்?

சறுக்குமரம், ஊஞ்சல், ராட்டினம்... பார்க்ல எல்லாம் இருக்கு. ஆனா, வீல்சேரில் வர்ற குழந்தை வாசல் தாண்டினதும் சக்கரம் மணலில் புதையுது. குறை குழந்தையிடம் இல்லை, பார்க்கின் வடிவமைப்பில்!

அமெரிக்கரான கார்டன் ஹார்ட்மேனின் மகள் மோர்கன் ஒரு மாற்றுத்திறனாளி. நீச்சல்குளத்தில் விளையாட அவள் ஆசையாக நெருங்க, மற்ற குழந்தைகள் விலகிப்போனார்கள். அந்த வலியில் பிறந்ததுதான், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2010-ல் திறக்கப்பட்ட 'மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்'. 25 ஏக்கர் பூங்கா. வீல்சேரோடு அப்படியே ஊஞ்சல் ஆடலாம், ராட்டினம் சுத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது. 2017-ல் வாட்டர் பார்க்கும் வந்தது. பேட்டரி வீல்சேர் நனையக் கூடாதே? அதனால், அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் வீல்சேரை அங்கேயே தர்றாங்க!

நம்ம ஏரியா பார்க்குக்கு இவ்வளவு செலவு வேண்டாம். சக்கரம் புதையாத ரப்பர் தரை, உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மணல் மேடை, சத்தம் தாங்காத குழந்தைக்கு ஓர் அமைதியான மூலை... இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒண்ணு மட்டும் முக்கியம். இவற்றைத் தனியாக ஒதுக்கி வைக்காமல், மற்ற ஊஞ்சல்களுக்குப் பக்கத்திலேயே வைக்கணும். மோர்கன் கேட்டது தனி பார்க் இல்லை, கூட விளையாட ஃப்ரெண்ட்ஸ்!