தவறு செய்து பார்க்க ஒரு தொழிற்சாலை

இருக்கிற எந்திரங்களையும் ஆட்களையும் இடத்தையும் வைத்துக்கொண்டே, வீணாவதைக் கண்டுபிடித்துக் குறைத்துக்கொண்டே போவதற்குப் பெயர் உற்பத்தி மேம்பாடு. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறை இதற்கு முன்னோடி. தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, அவசியமற்ற வேலைப்பாடு, தேங்கும் இருப்பு, வீண் உடலசைவு, குறையுள்ள பொருள் என ஏழு விரயங்களை அவர் வகுத்தார். அவற்றில் தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதையே மிக மோசமானதாகக் கருதினார். மற்ற விரயங்களை மூடி மறைப்பது அதுதான். பின்னாளில் இந்த முறை 'லீன்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிப் பொறியியல் பாடத்திட்டத்திலும் இடம்பிடித்தது.

ஏழையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்கூடத்தில் நின்று அவற்றை அடையாளம் காண்பது வேறு வித்தை. ஓனோ தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்துக் கவனிக்கச் சொல்வார் என்பார்கள். மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. பேருந்து பிடித்துத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனாலும், தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்ட விடமாட்டார்கள். லைனை நிறுத்தி, "உங்கள் யோசனைப்படி மாற்றிப் பாருங்கள்" என்று எந்த மேலாளரும் சொல்லப்போவதில்லை.

இதற்காகச் சில பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள்ளேயே சிறு தொழிற்சாலை கட்டின. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2007இல் திறக்கப்பட்ட பயிற்சித் தொழிற்சாலையில் நியூமாட்டிக் சிலிண்டர்கள் நிஜமாகவே தயாராகின்றன. அருமையான ஏற்பாடுதான், செலவு எல்லாக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. மெய்நிகர் தொழில்நுட்பம் நுழைவது இந்த இடைவெளியில். தலையில் மாட்டும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாண்ட் 1968இலேயே செய்துகாட்டிவிட்டார். ஆனால் 2016 வாக்கில் வீட்டுக்கே வாங்கும்படியான கருவிகள் வந்த பிறகுதான் அது கல்லூரி ஆய்வகங்களுக்கு எட்டியது.

மெய்நிகர் தொழிற்சாலைக்கு இரண்டு அடுக்குகள். கண்ணில் படுவது முப்பரிமாண எந்திரங்களும் ரேக்குகளும் கன்வேயரும். அதற்கு அடியில் ஒரு சிமுலேஷன் நிரல் ஓடும். எந்த எந்திரம் ஒரு பொருளுக்கு எத்தனை நொடி எடுக்கும், எவ்வளவு அடிக்கடி பழுதாகும் என்பதெல்லாம் அதில் நிகழ்தகவுக் கணக்காக இருக்கும். பாடம் இருப்பது இந்த இரண்டாவது அடுக்கில். கணக்கு மட்டமாக இருந்தால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் வீடியோ கேம்.

ஐந்து எந்திரங்கள் கொண்ட ஒரு லைனை எடுத்துக்கொள்ளலாம். நான்கு எந்திரங்கள் பொருளுக்கு 40 நொடி எடுக்க, மூன்றாவது மட்டும் 60 நொடி எடுக்கிறது. எந்த எந்திரமும் சும்மா நிற்கக் கூடாது என்றுதான் புது மாணவருக்குத் தோன்றும். எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்டுவார். சற்று நேரத்தில் மூன்றாவது எந்திரத்தின் முன் பெட்டிகள் மலைபோல் குவிந்து வழியை அடைக்கும். வெளியே வருவதோ அதே நிமிடத்துக்கு ஒன்றுதான். லைனில் உள்ள பொருட்களின் எண்ணிக்கை, வெளிவரும் வேகத்தை ஒரு பொருள் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பது ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. 120 பெட்டிகள் தேங்கினால் ஒரு பெட்டி வெளிவர இரண்டு மணி நேரம். பத்துக்கு மேல் உள்ளே விடாமல் கட்டுப்படுத்தினால் பத்தே நிமிடம். உற்பத்தியோ ஏறக்குறைய அதேதான். கரும்பலகையில் இது ஒற்றை வரிச் சமன்பாடு. பெட்டிக் குவியலுக்கு நடுவே வழி தேடி நிற்கும்போது உறைப்பது வேறு விதம்.

இன்னொரு நல்ல பயிற்சி பிரஸ் எந்திரத்தில் டை எனப்படும் அச்சை மாற்றுவது. 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் இதற்கு நான்கு மணி நேரம் பிடித்தது. தொழில்துறைப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். எந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலைகளையும், ஓடும்போதே முடித்துவைக்கக்கூடிய வேலைகளையும் அவர் தனித்தனியாகப் பிரித்தார். மெய்நிகர் கூடத்தில் மாணவர் முதலில் எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த டையையும் ஸ்பேனரையும் தேடிப் போவார், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் அவர் நடந்த பாதையெல்லாம் தரையில் கோடுகளாகத் தெரியும். ஒரே ரேக்குக்குத் தான் மூன்று முறை போய்வந்ததை அவரே பார்த்துக்கொள்ளலாம். நிஜ பிரஸ்ஸில் தவறினால் விரல் போகும். இங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் சொதப்பலாம்.

குறைகளும் உண்டு. டையின் கனத்தைக் கை உணராது. கண் நகர்வதாகச் சொல்ல, உட்காது அசையவில்லை என்று சொல்வதால் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். அதனால் பயிற்சி நேரத்தைச் சுருக்கமாக வைத்து, வழுக்கிச் செல்வதற்குப் பதில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்படி அமைக்கிறார்கள்.

பெரிய குறை வேறு. கணினித் தொழிலாளிக்கு இடுப்பு வலிக்காது. "சார், இந்த ட்ரேயைக் கொஞ்சம் மேலே வெச்சா குனிய வேண்டாம்" என்று அவர் சொல்லவும் மாட்டார். நிஜக் கூடத்தில் கைசன் எனப்படும் படிப்படியான மேம்பாடு பெரும்பாலும் இத்தகைய பேச்சிலிருந்துதான் பிறக்கிறது. பல மாணவர்கள் ஒரே மெய்நிகர் கூடத்தில் சேர்ந்து, ஆளுக்கொரு எந்திரத்தில் நிற்கும் ஏற்பாடு இதை ஓரளவு ஈடுகட்டும். மேம்பாட்டுத் திட்டம் போட்டவரே அடுத்த சுற்றில் அந்த 60 நொடி எந்திரத்தில் நிற்க வேண்டும் என்று ஆசிரியர் விதி வைத்துவிட்டால், தரையில் தெரியும் கோடுகளும் கடிகாரமும் காட்டாதவை சுற்று முடிந்ததும் வகுப்பில் பேச்சுக்கு வரும்.